ஒரு மேக்ரே நாவல், மூன்று ஆங்கிலப் பிரதிகள்

பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனான் பிரெஞ்சில் எழுதிய ‘பியெத்ர் லெ லெத்தோன்’ ஆங்கிலத்துக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவில் ‘தி ஸ்ட்ரேஞ்ச் கேஸ் ஆஃப் பீட்டர் தி லெட்’. 1963இல் பெங்குவின் வெளியீடாக ‘மேக்ரே அண்ட் தி எனிக்மாட்டிக் லெட்’. 2013இல் மறுபடியும் பெங்குவினில் ‘பியெத்ர் தி லாட்வியன்’. முதல் தலைப்பு ஒரு விசித்திர வழக்கை விற்கிறது. இரண்டாவது, மேக்ரே என்ற பாரிஸ் போலீஸ் துப்பறிவாளரின் பெயரை விற்கிறது. 1960 முதல் 1963 வரை ரூபர்ட் டேவிஸ் நடித்த பிபிசி தொடர் பிரிட்டனில் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்திருந்தது. மூன்றாவதுதான் மூலத்தின் தலைப்பை (லாட்வியாக்காரன் பியெத்ர்) வேறெதுவும் சேர்க்காமல் தருகிறது.

இந்த நாவலைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் சரி, கொண்டாடியவர்களும் சரி, பெரும்பாலும் தங்கள் கையில் இருந்த பிரதியையும் தங்கள் காலத்து அளவுகோலையும் வைத்தே பேசினார்கள். தமிழ்நாட்டில் சிமெனானைப் படிப்பவர்களில் பலர் ஆங்கிலம் வழியாகவே அவரை அடைகிறார்கள் என்பதால், எந்தப் பிரதி எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது நமக்கும் அவசியம்.

முதல் நாவலா, ஐந்தாவதா?

மேக்ரே வரிசையில் இதுதான் முதல் நாவல் என்று எங்கும் எழுதியிருக்கும். எழுதப்பட்ட வரிசையில் அது சரி. வெளிவந்த வரிசை வேறு. ‘ரிக் எ ராக்’ என்ற வார இதழில் 1930 ஜூலை முதல் அக்டோபர் வரை தொடராக வந்த இந்த நாவலை, ஃபயார் பதிப்பகம் 1931 மே மாதம்தான் புத்தகமாகப் போட்டது. அதற்குள் நான்கு மேக்ரே நாவல்கள் கடைக்கு வந்துவிட்டன. பிப்ரவரியில் வந்த முதல் இரண்டும் (இறந்துபோன திரு. காலேயின் கதை, சேன்-ஃபோலியன் தேவாலயத்தில் தூக்கில் தொங்கியவனின் கதை) இதைவிடக் கட்டுக்கோப்பானவை. ஆகவே பிரெஞ்சு வாசகர்களுக்கு மேக்ரே அறிமுகமானது ‘பியெத்ர்’ மூலமாக அல்ல. அவர்கள் ஏற்கெனவே பழகிய ஒருவரின் சற்றே முரட்டுத்தனமான சாகசமாகத்தான் இதைப் படித்தார்கள். 2013இல் ஆங்கில வாசகர்களுக்கு இதுவே வரிசையின் முதல் எண்ணாகக் கொடுக்கப்பட்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைக்காமல் இரு தரப்பு மதிப்புரைகளையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே போவோம்.

நாவல் பிறந்த இடத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1929 செப்டம்பரில் நெதர்லாந்தின் டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில், ‘ஓஸ்த்ரகோத்’ என்ற தன் படகைப் பழுதுபார்க்க விட்டிருந்தபோது மேக்ரே தன் மனதில் உருவானார் என்று சிமெனான் சொல்லிவந்தார். 1966இல் அந்த ஊரில் மேக்ரேவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு சிமெனானும் போனார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பழைய இதழ்களையும் ஒப்பந்தங்களையும் தோண்டிப் பார்த்தபோது கதை அவ்வளவு சுத்தமாக இல்லை. புனைபெயரில் எழுதித் தள்ளிய மலிவு நாவல்கள் நான்கில் மேக்ரே என்ற போலீஸ்காரர் முன்பே தலைகாட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்றான ‘லா மெஸோன் த லேங்க்கியெத்யூத்’ 1930 மார்ச்சில் ‘லூவ்ர்’ நாளிதழில் தொடராகவே வந்தது. ‘பியெத்ர்’ எழுதப்பட்டதும் 1930இன் முற்பகுதியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு.

இது வெறும் தேதித் தகராறு அல்ல. இந்த நாவலில் தெரியும் மலிவு நாவலின் தழும்புகளுக்கு இதில்தான் காரணம் இருக்கிறது. மாறுவேடம், கோடீஸ்வரர்கள், இரவு விடுதி நடனக்காரன், தோட்டா பாய்ந்த உடம்போடு ஊரெல்லாம் நடக்கும் போலீஸ்காரர் என்று எல்லாமே அதே தொழிற்கூடத்திலிருந்து வந்த சாமான்கள். அந்தச் சாமான்களை வைத்துக்கொண்டே சிமெனான் வேறொன்றைக் கட்டத் தொடங்கிய இடம் இந்த நாவல்.

பதிப்பாளரின் ஆட்சேபம்

கைப்பிரதியைப் படித்த பதிப்பாளர் ஃபயார் சொன்னதாக சிமெனான் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: இவற்றில் சதுரங்கம் போல விடுவிக்க வேண்டிய புதிர் இல்லை, காதல் இல்லை, நல்லவன் கெட்டவன் என்ற தெளிவான பிரிவு இல்லை, முடிவோ எப்போதும் சோகம். அப்படிப்பட்டவர் ஏன் அச்சிட ஒத்துக்கொண்டார்? வேகம் ஒரு காரணம். மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதித் தரக்கூடியவர் சிமெனான். 1931இல் மட்டும் குறைந்தது பத்து மேக்ரே நாவல்கள் வந்தன. விளம்பரத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். 1931 பிப்ரவரி 20 இரவு மோன்பர்னாஸ் பகுதியின் ‘லா பூல் பிளான்ஷ்’ விடுதியில் ஒரு நடன விருந்து. அழைப்பிதழ் குற்றவாளிகளின் பதிவு அட்டை போல அச்சிடப்பட்டிருந்தது. வந்த விருந்தினர் வாசலில் கைரேகை வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

அந்த விருந்து புத்தகங்களை விற்றது. ஆனால் இவர் விளம்பரக்காரர் என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவ சிமெனானுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டு மனிதர், ஒரே காது

இனி வருவது முடிவையும் சேர்த்துச் சொல்கிறது. அதைச் சொல்லாமல் இந்த நாவலின் விமர்சன வரலாற்றைப் பேச முடியாது.

வியன்னாவில் இருந்த சர்வதேசக் குற்றப் போலீஸ் ஆணையத்திலிருந்து (இன்றைய இன்டர்போலின் முன்னோடி, 1923இல் தொடங்கப்பட்டது) பாரிஸுக்குத் தந்திகள் வருகின்றன. முதல் தந்தி சங்கேத மொழியில். பல நாடுகளில் தேடப்படும் மோசடிக்காரன் பியெத்ர், பிரேமன், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ் வழியாக ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். கூடவே அவனுடைய அங்க அடையாளங்கள்: உயரம் 169 சென்டிமீட்டர், மூக்கின் முதுகு நேர்கோடு, அடிப்பகுதி கிடைமட்டம், காது மடலின் விளிம்பு எப்படி, சோணை எவ்வளவு பெரியது என்று நீளும் பட்டியல்.

மேக்ரே கார் து நோர் நிலையத்துக்குப் போகிறார். அடையாளத்துக்குப் பொருந்தும் ஒருவன் இறங்கி, மஜெஸ்டிக் என்ற ஆடம்பர ஹோட்டலை நோக்கிப் போகிறான். அதே நேரம் அதே ரயிலின் கழிப்பறையில் ஒரு பிணம். அதுவும் அந்த அடையாளத்துக்கே பொருந்துகிறது.

விடை, இரட்டையர். பியெத்ர், ஹான்ஸ். ஆளும் அண்ணன், அடங்கியே வாழ்ந்த தம்பி. ஹான்ஸ் நேசித்த பெண்ணையும் பியெத்ர்தான் மணந்துகொண்டான். நார்மண்டிக் கடற்கரையில் ஃபெகாம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் அவளுக்கு அவன் வேறு பெயர் கொண்ட கப்பல் அதிகாரி. கடைசியில் ஹான்ஸ் பியெத்ரைக் கொன்று அவன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். அந்த இடத்தில் அவனால் உட்காரவும் முடியவில்லை.

1931ஆம் ஆண்டின் ஆங்கில விமர்சகர் ஒருவரின் மேசையில் இந்தக் கதையை வைத்துப் பாருங்கள். 1929இல்தான் ரானல்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்திருந்தார். பத்தாவது கட்டளை: முறையாக முன்னறிவிப்புத் தராமல் இரட்டையரையோ உருவ ஒற்றுமை கொண்டவரையோ கொண்டுவரக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் எஸ். எஸ். வான் டைன் எழுதிய இருபது விதிகளும் இரட்டையரைத் தேய்ந்துபோன உத்திகளின் பட்டியலில் சேர்த்திருந்தன. அந்த அளவுகோலில் ‘பியெத்ர்’ தோற்றுப்போகிறது என்று சொல்வது சுலபம்.

நான் அதை ஏற்கவில்லை. நாக்ஸ் கேட்ட முன்னறிவிப்பு இந்த நாவலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தந்தியில் உள்ளது ‘போர்த்ரே பார்லே’ என்ற முறை. பாரிஸ் போலீசின் அடையாளப் பிரிவைக் கட்டியெழுப்பிய அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் உருவாக்கியது. மனித முகத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் வரையறுத்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற தரம். இதில் காதுக்கே முதலிடம். தாடி வளர்க்கலாம், முடிக்குச் சாயம் பூசலாம், உடல் பருக்கலாம்; காதின் அமைப்பு வயதுவந்த பின் அநேகமாக மாறுவதில்லை. ஓர் ஆளை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டவே கண்டுபிடித்த அந்த முறை இரண்டு உடல்களில் ஒரே விடையைத் தருகிறது என்றால், வாசகர் யோசிக்க வேண்டியது என்ன என்று சிமெனான் அங்கேயே சொல்லிவிட்டார். மேக்ரே பிணத்தின் காதைப் பார்க்கும் இடம் கதையில் தற்செயலாக வரவில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பெர்த்தியோனின் கலைச்சொற்கள் பிரெஞ்சிலேயே சாதாரண வாசகருக்குப் புரியாதவை. அவற்றை “நேரான மூக்கு, பெரிய காது” என்று வழவழப்பாக்கிவிட்டால் வாக்கியம் ஓடும். ஆனால் தடயம் கரைந்துபோகும். அப்படியே விட்டால் முதல் பக்கத்திலேயே வாசகர் தடுக்கி விழுவார். சிமெனானே இதற்கு வழி செய்திருக்கிறார். தந்தியை முழுக்கக் கொடுத்துவிட்டு, மேக்ரே அதைத் தன் மனதில் ஓர் உருவமாக மாற்றிக்கொள்வதாகக் காட்டுகிறார்: குட்டையான, ஒல்லியான, இளம் வயது மனிதன், வெளிர்நிற முடி, பச்சை கலந்த கண்கள், நீண்ட கழுத்து. கலைச்சொல்லை விறைப்பாகவே விட்டுவிட்டு இந்த இரண்டாவது பட்டியலைத் தெளிவாகத் தந்தால் போதும். டேவிட் பெல்லோஸின் 2013 மொழிபெயர்ப்பு இந்த வழியில்தான் போகிறது. சங்கேதத் தந்தியையும் அதன் விளங்காத எழுத்துக்கூட்டங்களோடு அப்படியே அச்சிட்டிருக்கிறது.

மூன்று கைகள்

1933 பிரதியின் மொழிபெயர்ப்பாளர் பெயர் அந்தோனி ஆபட். அது புனைபெயர்; ஆள் ஃபுல்டன் அவர்ஸ்லர். அதே புனைபெயரில் நியூயார்க் போலீஸ் கமிஷனர் ஒருவரை நாயகனாக வைத்து அசல் துப்பறியும் நாவல்களும் எழுதிக்கொண்டிருந்தவர். கோவிசி-ஃபிரீட் நிறுவனம் 1932, 1933 ஆண்டுகளில் வெளியிட்ட மேக்ரே நாவல்கள் இவர் பெயரில்தான் வந்தன. புதிர்க் கதை வாசகர்களிடம் நன்கு அறிமுகமான ஒரு பெயரை அட்டையில் போட்டு, புதிர்க் கதைச் சந்தைக்கு சிமெனானை அனுப்பியது அந்த ஏற்பாடு. அங்கே அவர் அதிகம் விற்கவில்லை. விற்காததில் ஆச்சரியமும் இல்லை: கொலையாளி யார் என்பதைவிட இந்த மனிதன் யார் என்று கேட்கும் கதையை, கொலையாளி யார் என்று கேட்கும் வாசகரிடம் கொடுத்தார்கள்.

பிரிட்டனில் 1939 முதல் ரவுட்லெட்ஜ் நிறுவனம் இரண்டிரண்டு நாவல்களாகச் சேர்த்து வெளியிட்ட தொகுதிகளே சிமெனானை நிலைநிறுத்தின. அவற்றை மொழிபெயர்த்த ஜெஃப்ரி செயின்ஸ்பரி ‘பியெத்ர்’ நாவலைத் தொடவில்லை. ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தலைமுறை ஆங்கில விமர்சகர்கள் சிமெனானின் நடை என்று நினைத்தது பெரும்பாலும் செயின்ஸ்பரியின் நடையைத்தான். வேகத்தில் எழுதப்பட்ட மூலத்தைத் திருத்துவது தன் வேலையின் ஒரு பகுதி என்று அவர் கருதினார். பெயர்களை மாற்றினார், விவரங்களைச் சரிசெய்தார், பாத்திரங்களின் மனப்போக்குக்குத் தானே விளக்கம் சேர்த்தார். சிமெனானுக்கு அப்போது ஆங்கிலம் போதாது. நிலைமை தெரியவந்தபோது அந்த உறவு முடிந்தது. அதற்குள் ஆங்கில மேக்ரே வேறு ஆளாகி ஊரில் உலவிக்கொண்டிருந்தார்.

1963இல் டாஃப்னே உட்வர்ட் செய்த பிரதி, பிரெஞ்சில் வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து பிரிட்டிஷ் வாசகர்களுக்கு வந்தது. அப்போது அவர்கள் அறிந்திருந்தது நடுத்தர வயது, குடும்பஸ்தர், பொறுமைசாலி மேக்ரேவை. இந்த நாவலிலோ அவர் கனத்த எலும்பும் இரும்புத் தசையுமாக, வெல்வெட் காலர் வைத்த தடித்த ஓவர்கோட்டும் பவுலர் தொப்பியும் அணிந்து, மஜெஸ்டிக் ஹோட்டலின் கூடத்தில் யாராலும் விழுங்க முடியாத ஒரு கட்டி மாதிரி நிற்கிறார். தன் உதவியாளர் தோரான்ஸ் கொல்லப்பட்ட பிறகு பழிவாங்கும் வெறியோடு அலைகிறார். பழகிய முகத்தை எதிர்பார்த்துத் திறந்தவர்களுக்கு இது முதிராத மேக்ரேவாகத் தெரிந்திருக்கும்.

பெல்லோஸ் மூன்றாவது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் பெரெக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர், மொழிபெயர்ப்பைப் பற்றியே புத்தகம் எழுதியவர். அவருடைய ‘பியெத்ர் தி லாட்வியன்’ 2013 நவம்பரில் ஒரு பெரிய திட்டத்தின் முதல் புத்தகமாக வந்தது. எழுபத்தைந்து மேக்ரே நாவல்கள், மாதத்துக்கு ஒன்று, 2020 ஜனவரியில் நிறைவு. அந்தியா பெல், லிண்டா கவர்டேல், டேவிட் கவர்ட், ஷான் ரெனால்ட்ஸ், ராஸ் ஷ்வார்ட்ஸ், ஹோவர்ட் கர்ட்டிஸ், ஷான் வைட்சைட் என்று பலர் பங்கிட்டுச் செய்த வேலை. அட்டைகளுக்கு பெல்ஜியப் புகைப்படக் கலைஞர் ஹாரி கிரையார்ட்டின் படங்கள். 1931இல் ஃபயாரும் இந்த வரிசைக்குப் புகைப்பட அட்டைதான் போட்டது. அன்றைக்கு அது புதுமை.

பல கைகள் சேர்ந்தால் ஒத்திசைவு என்ற சிக்கல் வரும். பதவிப் பெயர் ஓர் உதாரணம். மேக்ரேவின் பதவி ‘கமிஸேர்’. பழைய ஆங்கிலப் பிரதிகள் அவரை வெறும் ‘இன்ஸ்பெக்டர்’ ஆக்கின. பிரெஞ்சில் இன்ஸ்பெக்டர்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். அந்த ஒரு சொல்லால் அவரைச் சுற்றியுள்ள படிநிலை முழுவதும் சரிந்துவிட்டது. பெல்லோஸ் ‘டிடெக்டிவ் சீஃப் இன்ஸ்பெக்டர்’ என்கிறார். இது படிநிலையைக் காப்பாற்றுகிறது, ஆனால் பாரிஸ்காரரைக் கொஞ்சம் லண்டன்காரர் ஆக்கிவிடுகிறது. விசாரணை நீதிபதி கொமெலியோவுக்கு அந்த வழியும் இல்லை. போலீஸ் விசாரணையைத் தானே இயக்கும் நீதிபதி என்ற பதவி இங்கிலாந்தில் கிடையாது, நம் நாட்டிலும் கிடையாது. மேக்ரே ஏன் அவரிடம் அவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகிறார் என்பது இது தெரியாதவருக்குப் புரியாது.

எல்லாப் பிழையையும் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டக் கூடாது. முதல் பக்கத்தில் மேக்ரே ‘முதலாம் நடமாடும் படை’யைச் சேர்ந்தவர் என்று சிமெனான் எழுதுகிறார். அது நாடு தழுவிய போலீஸ் துறையின் பிரிவு. அவர் உட்கார்ந்திருப்பதோ பாரிஸ் போலீஸ் தலைமையகத்துக்கு உட்பட்ட கே தெ ஓர்ஃபெவ்ர் அலுவலகத்தில். போலீஸ் அமைப்பை அன்று அவர் அரைகுறையாகத்தான் அறிந்திருந்தார். பின்னால் குற்றப் போலீஸ் இயக்குநர் சேவியர் கிஷார் அவரை அழைத்து அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார். அது மட்டுமா, இந்த நாவலில் செத்துப்போன தோரான்ஸ் பின்வரும் நாவல்களில் உயிரோடு வேலைக்கு வருகிறார். நல்ல மொழிபெயர்ப்பாளர் இவற்றைத் திருத்துவதில்லை. செயின்ஸ்பரி விழுந்த குழி அதுதான்.

நடை என்ற சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘லெ மத்தேன்’ நாளிதழில் கதைப் பகுதியைப் பார்த்துக்கொண்ட எழுத்தாளர் கொலெத், இளம் சிமெனானிடம் “இலக்கியத்தை எடுத்துவிடு” என்ற பொருளில் சொன்ன அறிவுரையை அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார். தெருவில் புழங்கும் சொற்கள், குறுகிய பத்தி, மூன்று புள்ளிகளோடு தொங்கவிடப்படும் வாக்கியம். ஒரே சொல் ஒரு பக்கத்தில் நான்கு தடவை வரும். பள்ளியில் படித்த ஆங்கிலமும் சரி, நம் தமிழும் சரி, சொல் திரும்ப வந்தால் மாற்றச் சொல்லித்தான் கற்றுத்தருகின்றன. மாற்றினால் மழையும் அடுப்பும் ஈரக் கோட்டும் சேர்ந்து எழுப்பும் அந்தச் சலிப்பான தாளம் போய்விடும். கூடவே, நடந்துகொண்டே இருப்பதைச் சொல்லும் பிரெஞ்சு இறந்தகாலத்தை அவர் மிகுதியாகப் பயன்படுத்துகிறார். ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் அதை ‘நடந்தது, முடிந்தது’ என்று வெட்டிவிடுகிறது. “மழை பெய்துகொண்டிருந்தது” என்று சொல்லத் தெரிந்த தமிழுக்கு அந்தச் சங்கடம் குறைவு. மேக்ரே விசாரணையின் நடுவே ஒருவரை ‘வூ’விலிருந்து ‘த்யூ’வுக்கு மாற்றி அழைக்கும் இடங்கள் அப்படியே. எல்லாவற்றுக்கும் ஒரே ‘யூ’ வைத்திருக்கும் ஆங்கிலத்தில் அந்தத் திருப்பம் காணாமல் போகிறது. தமிழில் ‘நீங்கள்’ ‘நீ’ ஆனவுடன் அறையின் காற்றே மாறிவிடும். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு சிமெனான் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மறைக்கக் கூடாதது

2013க்குப் பிறகு இந்த நாவலைப் படித்தவர்கள் தவிர்க்க முடியாமல் எதிர்கொண்ட விஷயம் அதன் யூத வெறுப்பு. ஒதெஸா நகரத்து யூதப் பெண் ஆன்னா கோர்ஸ்கினும், ரூ து ருவா த சிசில் பகுதியின் யூதக் குடியிருப்பும் வர்ணிக்கப்படும் விதத்தில் அழுக்கு, நாற்றம், அன்னியம் என்ற பழைய அவதூறுகள் அத்தனையும் இருக்கின்றன. ஒரு பாத்திரத்தின் பார்வை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கதைசொல்லியின் குரலே அப்படிப் பேசுகிறது. 1921இல், பதினெட்டு வயதில், லியேஜ் நகரின் ‘கஸெத் த லியேஜ்’ நாளிதழில் ‘யூத ஆபத்து’ என்ற தலைப்பில் பதினேழு கட்டுரைகள் எழுதியவர் சிமெனான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த வரிகளை மென்மையாக்காமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மூலத்தை அழகுபடுத்தினால் வாசகரிடம் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். ஆனால் இதை முதல் புத்தகமாக எடுக்கும் வாசகருக்குக் காலத்தையும் பின்னணியையும் சொல்லும் முன்னுரை தேவை. அது இல்லாதபோது, மேக்ரே வரிசை முழுவதும் இப்படித்தான் என்று நினைத்து ஒருவர் புத்தகத்தை மூடிவிடலாம். அது வாசகருக்கும் நஷ்டம், பின்னால் வந்த நாவல்களுக்கும் அநியாயம்.

சுவரில் விரிசல்

இந்த நாவல் நிலைத்ததற்குக் காரணமான பகுதி நடுவில் வருகிறது. ஒவ்வொரு குற்றவாளிக்குள்ளும் ஒரு மனிதன் இருக்கிறான். போலீஸ் வழக்கமாக எதிராளியின் ஆட்டத்தைப் பார்க்கிறது. மேக்ரே காத்திருப்பதோ சுவரில் விரிசல் விட்டு ஆட்டக்காரனுக்குப் பின்னாலிருந்து மனிதன் எட்டிப் பார்க்கும் கணத்துக்கு. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேக்ரே செய்யப்போகும் எல்லாமே இந்தப் பத்தியில் அடங்கியிருக்கிறது. கடைசிக் காட்சி அதற்கு நிரூபணம். ஃபெகாம் கடற்கரையில் இருவரும் நீரில் கட்டிப்புரண்டு, நனைந்து, ஒரு சிறு விடுதியின் அறையில் இரவல் அங்கிகளில் உட்கார்ந்து மது குடித்தபடி பேசுகிறார்கள். ஹான்ஸ் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். பிறகு துப்பாக்கியை எடுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான், மேக்ரே தடுக்கவில்லை. இந்த முடிவு நீதியா என்று விவாதிக்கலாம். புதிர்க் கதை இப்படி ஒருபோதும் முடியாது என்பதில் விவாதமில்லை.

விமர்சகர்கள் இதைக் கண்டுகொள்ள நேரமானது. பிரான்சில் நாவலாசிரியர் ஆந்த்ரே ழீத் 1930களின் பிற்பகுதியிலிருந்து சிமெனானைக் குறிப்பெடுத்துப் படித்தார், கடிதம் எழுதினார். 1942இல் வெளியான இரண்டு நாவல்களை, சிமெனானின் ‘லா வவ் குதெர்க்’, ஆல்பெர் காம்யுவின் ‘லெத்ரான்ழே’ (வெ. ஸ்ரீராம் தமிழில் தந்த ‘அந்நியன்’), ஒப்பிட்டு முந்தையதே இன்னும் தூரம் போகிறது என்று சொன்னவர் அவர். தோமா நார்ஸெழாக் 1950இல் ஒரு தனிப் புத்தகம் எழுதி, சிமெனானைத் துப்பறியும் எழுத்தாளர் என்று அழைப்பதே பொருந்தாது என்று வாதிட்டார். அவரே துப்பறியும் நாவலாசிரியர் என்பதால் அந்த வாதத்துக்கு எடை கூடுதல். ஆங்கிலத்தில் ஜூலியன் சைமன்ஸ் 1972இல் எழுதிய குற்றக்கதை வரலாற்றில் மேக்ரேவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 2003இல் சிமெனான் பிளெயாத் வரிசையில் இடம்பெற்றார். பிரெஞ்சு இலக்கியத்தில் அதற்கு மேல் ஓர் அங்கீகாரம் சொல்வது கடினம். இந்த ஏற்றம் முழுவதும் மேக்ரே இல்லாத, சிமெனான் ‘கடின நாவல்கள்’ என்று அழைத்தவற்றைச் சார்ந்தே பெரும்பாலும் நடந்தது. மேக்ரே நாவல்களை அவரே அரை இலக்கியம் என்று ஒதுக்கிப் பேசியதும் விமர்சகர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஹான்ஸின் வாக்குமூலக் காட்சியை வைத்துப் பார்த்தால் இந்த எல்லைக்கோடு நிற்பதில்லை. பின்னால் வந்த கடின நாவல்களின் நாயகர்கள் எல்லாரும் அவனுடைய உறவுக்காரர்கள்.

எந்தப் பிரதியை எடுப்பது

பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் மேக்ரே நாவல்களை வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பதிப்புரிமைப் பக்கத்தில் இரண்டு விவரம் பாருங்கள்: பிரெஞ்சுத் தலைப்பு, மொழிபெயர்ப்பாளர் பெயர். ஒரே நாவல் மூன்று நான்கு ஆங்கிலத் தலைப்புகளில் உலவுவதால் தலைப்பை மட்டும் நம்பினால் படித்ததையே மறுபடி வாங்குவீர்கள். ‘எனிக்மாட்டிக் லெட்’ என்றிருந்தால் உட்வர்ட். ‘பீட்டர் தி லெட்’ என்றிருந்தால் ஆபட். அது சேகரிப்பாளர்களுக்கான பொருள். செயின்ஸ்பரி பெயர் இருந்தால் நல்ல ஆங்கிலம் கிடைக்கும், சிமெனான் எவ்வளவு கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. படிக்க பெல்லோஸ் போதும்.

ஆனால் மேக்ரேவை இதிலிருந்து தொடங்க வேண்டாம். 1931 வாசகர் போலவே போங்கள்: முதலில் காலேயின் கதை (அந்தியா பெல்லின் மொழிபெயர்ப்பு), பிறகு சேன்-ஃபோலியன் (லிண்டா கவர்டேல்), வேண்டுமானால் நடுவில் ‘மஞ்சள் நாய்’, அதற்குப் பிறகு ‘பியெத்ர்’. இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் நாவல். இரண்டு மாலையில் முடித்துவிடலாம். தந்தி வரும் முதல் பக்கத்தை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள், காதைப் பற்றிய வரிகள் உட்பட.